பட்டை விழுந்த இடம் சரிதான்

கேள்வி: மனித பி53 புரதத்தைக் கண்டறிய ஓர் ஆன்டிபாடி வாங்கினேன். கணக்குப்படி புரதத்தின் எடை 43.7 கிலோடால்டன். வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டையோ 53 அருகே விழுகிறது. ஆன்டிபாடி தவறானதா?
— ஓர் ஆய்வு மாணவி

கவலையே வேண்டாம். அது விழ வேண்டிய இடமே அதுதான். 393 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் புரோலின் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. அது ஜெல்லில் ஓட்டத்தை மந்தமாக்குவதால், புரதம் உள்ளதைவிடக் கனமாகத் தெரிகிறது. பி53 என்ற பெயரே அப்படித் தெரிந்த எடையை வைத்து வந்ததுதான்!

ஆனால், இடம் சரியாக இருப்பதாலேயே ஆன்டிபாடியை முழுதாக நம்பிவிடாதீர்கள். எச்1299 செல்களில் பி53 அறவே கிடையாது. அந்தச் செல்சாற்றை உங்கள் மாதிரிக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அங்கும் அதே இடத்தில் பட்டை வந்தால், உங்கள் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால், கம்பெனி தரும் தகவல் தாளைவிட இந்த ஒரு சோதனை மேல்.

கூடவே எம்சிஎஃப்-7 செல்களுக்கு டாக்சோரூபிசின் கொடுத்துப் பாருங்கள். டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 பெருகும், பட்டையும் தடிக்க வேண்டும். ஹீலா செல்லில் பட்டை மங்கலாக வந்தால் ஆன்டிபாடியைக் குறை சொல்லாதீர்கள்; அங்கே குடிகொண்டுள்ள ஒரு வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் வாங்கியது டிஓ-1 குளோன் என்றால், சுண்டெலி செல்களில் பி53-ஐத் தேடி நாளை வீணாக்காதீர்கள். அது சுண்டெலியின் பி53-ஐப் பிடிக்காது. குளோன் பெயரையும் லாட் எண்ணையும் இன்றே நோட்டில் குறித்து வையுங்கள்.