நாட்டுக் கோழிகளில் குடற்புழு: மூலிகையும் தரைச் சுத்தமும்

புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்கும் குடும்பத்திற்கு முட்டையும் சேவலும் அவசரச் செலவுக்குக் கைகொடுக்கும். மேய்ந்து திரியும் இக்கோழிகளின் வளர்ச்சியைக் கெடுப்பதில் குடற்புழுக்களுக்குப் பெரும் பங்குண்டு. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குஞ்சுகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன.

புழு வரும் வழி

உருண்டைப் புழு சிறுகுடலில் வாழ்கிறது. முழு வளர்ச்சியில் 5 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். இதன் முட்டைகள் எச்சத்துடன் தரையில் விழுகின்றன. ஈரமும் வெப்பமும் இருந்தால் இரண்டு, மூன்று வாரங்களில் அவை தொற்றும் நிலையை அடைகின்றன. தரையைக் கிளறித் தின்னும் கோழி அவற்றை விழுங்கிவிடுகிறது. நாடாப்புழு, எறும்பு, வண்டு போன்றவற்றைத் தின்பதால் வருகிறது.

அறிகுறிகள்

கொண்டை வெளுக்கும். தீனி தின்றும் எடை கூடாது. நெஞ்செலும்பு கத்தி முனை போலத் துருத்தும். முட்டை குறையும். எச்சத்தில் அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் தென்பட்டால் அது நாடாப்புழு. கறிக்கு அறுக்கும் கோழியின் குடலை நீளவாக்கில் கீறிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

மூலிகைக் கலவை

பத்துப் பெரிய கோழிகளுக்கு: சீரகம் 5 கிராம், கடுகு 5 கிராம், மிளகு 5, மஞ்சள் தூள் 5 கிராம், பூண்டு 5 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, பாகற்காய் 50 கிராம், வாழைத்தண்டு 50 கிராம். சீரகம், கடுகு, மிளகை முதலில் இடித்து, மற்றவற்றுடன் சேர்த்து அரைக்க வேண்டும். சிறிது பனைவெல்லம் கலந்து, தவிடு அல்லது குருணையில் பிசைந்து, காலையில் கூண்டைத் திறந்ததும் வெறும் வயிற்றில் மூன்று நாள் கொடுக்கலாம். குஞ்சுகளுக்குப் பாதி அளவு போதும். குடல் சுவரில் புதைந்துள்ள இளம்புழுக்கள் தப்பிவிடுமாதலால், மூன்று வாரம் கழித்து மீண்டும் கொடுப்பது அவசியம்.

சில ஊர்களில் கொட்டைப்பாக்கும் புகையிலையும் கொடுக்கிறார்கள். அளவு சற்றே மிஞ்சினாலும் கோழி இறந்துவிடும். இவற்றைத் தவிர்க்கவும்.

தரையைக் கவனியுங்கள்

மூலிகை புழுக்களைக் குறைக்குமே தவிர, அடியோடு அழித்துவிடாது. தரையில் கிடக்கும் முட்டைகளை எந்த மருந்தும் தொடுவதில்லை. ஆகவே கூண்டின் எச்சத்தை நாள்தோறும் கூட்டி எருக்குழியில் போட்டு மூட வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிச் சேறு சேரவிடக் கூடாது. தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வைக்கவும். குஞ்சுகளைப் பெரிய கோழிகளுடன் அடைக்காமல், வெயில்படும் புதிய இடத்தில் வளர்ப்பது நல்லது. முருங்கை, அகத்திக் கீரைகளில் உள்ள வைட்டமின் 'ஏ' சத்து புழுவை எதிர்க்கும் சக்தியைத் தரும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

பல கோழிகள் திடீரென்று சுருண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகினால் அது வெள்ளைக்கழிச்சல். குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது இரத்தக்கழிச்சல். இரண்டுக்கும் புழு மருந்து பயன்படாது. மூலிகை கொடுத்துக் காத்திருந்தால் மந்தையே போய்விடும். உடனே கால்நடை மருந்தகத்தை அணுக வேண்டும். மூலிகையை இருமுறை கொடுத்தும் எச்சத்தில் புழு தென்பட்டாலும், கோழி மெலிந்துகொண்டே வந்தாலும் எச்சத்தைப் பரிசோதித்து ஏற்ற மருந்தைப் பெறலாம். உருண்டைப் புழுவுக்கான பைப்பரசின் மருந்து நாடாப்புழுவைப் போக்காது.

எட்டாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுவோர், ஏழாவது வாரத்திலேயே குடற்புழு நீக்கம் செய்துவிட வேண்டும். புழு நீங்கிய கோழியின் உடலில்தான் தடுப்பூசி நன்கு வேலை செய்யும்.