பங்கு பிரிக்கும் கான்ட்ராக்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூவர் சேர்ந்து ஒரு பாடலை உருவாக்கி என்எஃப்டியாக விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இசையமைத்தவருக்கு 5 பங்கு, எழுதியவருக்கு 3, பாடியவருக்கு 2. விற்பனையில் வரும் ஈதர் நாணயத்தை மூவரில் ஒருவர் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துத் தரவேண்டியதில்லை. எதீரியம் பிளாக்செயினில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டை, அதாவது அங்கே இயங்கும் நிரலை, நிறுவி, அதன் முகவரிக்கே பணம் வரும்படி செய்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதைப் பற்றி நிலவும் சில தவறான எண்ணங்கள், உழைத்தவர் பணத்தை யாரும் எடுக்க முடியாதபடி முடக்கிவிடும்.

நம்பிக்கை: பணம் வந்தவுடன் எல்லோருடைய வாலட்டுக்கும் தானாகப் போய்ச் சேரும்.

உண்மை: பெரும்பாலும் அப்படி இல்லை. பரவலாகப் பயன்பட்ட ஓபன்செப்பலின் நிறுவனத்தின் 'பேமென்ட் ஸ்ப்ளிட்டர்' பணத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். யாராவது 'ரிலீஸ்' கட்டளையை அனுப்பினால்தான் உரியவருக்குப் போகும். அதற்கான கேஸ் கட்டணம், அதாவது பரிவர்த்தனைச் செலவு, கட்டளை அனுப்பியவருடையது.

இதற்குக் காரணம் உண்டு. எல்லோருக்கும் ஒரே பரிவர்த்தனையில் அனுப்பினால், பெறுபவர்களில் ஒருவரின் முகவரி பணத்தை ஏற்க மறுத்தாலும் மொத்தப் பட்டுவாடாவும் நின்றுபோகும். 2022 ஏப்ரலில் அக்குட்டார்ஸ் என்எஃப்டி ஏலத்தில் இதுவே நடந்தது. ஏலம் கேட்ட ஒருவருடைய கான்ட்ராக்ட் எல்லோருக்கும் சேரவேண்டிய பணத்தைத் தடுத்து நிறுத்தியது. பிறகு அவரே தடையை நீக்கினார். ஏலத்தை நடத்திய கான்ட்ராக்டிலேயே இருந்த வேறொரு எண்ணிக்கைப் பிழைக்கு அந்த வழியும் இல்லை. ஏலம் நடத்தியவர்களுக்குச் சேரவேண்டிய 11,539 ஈதர் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது. அவரவர் பங்கை அவரவரே எடுத்துக்கொள்ளும் முறையில், ஒருவருக்கு வரும் சிக்கல் மற்றவர்களைப் பாதிக்காது.

நம்பிக்கை: பங்கு விகிதத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

உண்மை: பேமென்ட் ஸ்ப்ளிட்டரில் பெறுபவர்களும் பங்குகளும் நிறுவும்போதே நிலையாகிவிடும். ஒருவர் தன் வாலட் சாவியைத் தொலைத்தால், அவர் பங்கு அவருக்கும் இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை. மாற்றும் அதிகாரத்தை ஒருவரிடம் தரும் கான்ட்ராக்டுகளும் உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் அந்த ஒருவரை நம்பியாக வேண்டும். இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. பெறுபவர் முகவரியாக 'சேஃப்' போன்ற பல கையொப்ப வாலட்டைக் கொடுத்தால், முகவரி மாறாமலே அதன் சாவிதாரர்களை மாற்றலாம்.

நம்பிக்கை: எந்த டோக்கன் வந்தாலும் சரியாகப் பிரித்துவிடும்.

உண்மை: ஈதருக்கு ஒரு ரிலீஸ், யுஎஸ்டிசி போன்ற ஒவ்வொரு டோக்கனுக்கும் தனித்தனி ரிலீஸ். எஸ்டி-ஈதர் போலத் தானாக இருப்பு மாறும் டோக்கன்களில் பங்குக் கணக்கு பிசகும். வகுத்தலில் மிஞ்சும் சில வெய்களுக்காகக் கவலைப்பட வேண்டாம்; 1 ஈதர் என்பது 10-இன் 18ஆம் அடுக்கு வெய்.

நம்பிக்கை: ராயல்டி முகவரியாக இதைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு மறுவிற்பனையிலும் பணம் வரும்.

உண்மை: ஈஆர்சி-2981 தரநிலை, ராயல்டி எவ்வளவு, யாருக்கு என்று மட்டுமே சொல்லும், வசூலித்துத் தராது. தருவதா வேண்டாமா என்பது விற்பனைத் தளத்தின் முடிவு. ஓபன்சீ தளம், ராயல்டியைக் கட்டாயமாக்கிய தன் கருவியை 2023 ஆகஸ்டில் கைவிட்டது. வராத பணத்தை எந்தக் கான்ட்ராக்டும் பிரிக்க முடியாது.

ஆகவே, பேச்சு முதலில், நிறுவுதல் பிறகு. யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன, சாவி தொலைந்தால் என்ன என்பதை மூவரும் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். பேமென்ட் ஸ்ப்ளிட்டரை ஓபன்செப்பலின் தன் 5.0 பதிப்பில் நீக்கிவிட்டதால், எந்தப் பதிப்பின் நிரலை எடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். செப்போலியா சோதனை வலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அசல் சங்கிலியில் சிறு தொகை அனுப்புங்கள். மூவரும் தத்தம் பங்கை வாலட்டில் எடுத்துப் பார்த்த பிறகே அந்த முகவரியை வாங்குபவர்களிடம் கொடுங்கள்.