லேவியராகமத்தில் நிற்கிற தங்கச்சிக்கு

ஜனவரி கடைசியில் உன் மெசேஜ் வந்தது. "அக்கா, லேவியராகமத்துல நிக்கேன். இந்த வருஷமும் அவ்வளவுதான் போல." வாசித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நள்ளிரவு ஆராதனை முடிந்து, கையில் வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் பைபிளை முழுசாக முடித்துவிடுவேன் என்று கிளம்புகிறவர்களில், எனக்குத் தெரிந்து, பாதிப் பேர் இறங்கிவிடுகிற ஸ்டாப் அது. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால் நாலாவது வாரம் முடியும்போது லேவியராகமம் சரியாக வந்து நிற்கும். நானே மூன்று வருஷம் அங்கே இறங்கினவள்தான். என் பழைய பைபிளை எடுத்துப் பார். ஆதியாகமத்தின் ஓரம் விரல்பட்டுக் கறுத்திருக்கும். எரேமியாவுக்கு அப்புறம் தங்கப் பூச்சு மங்காமல், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நாலாவது தடவை முடித்தேன். அதுவும் ஒரு வருஷத்தில் இல்லை, பதினேழு மாசம் ஆனது. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கை முதலில் தெரிந்துகொள். நம் பைபிளில் 66 புத்தகம், 1189 அதிகாரம். (உன் ரூமில் இருக்கிற கத்தோலிக்கப் பிள்ளைக்கு 73 புத்தகம், அவள் கணக்கு வேறு.) மற்ற நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்துக்கு 1196. ஏழு அதிகாரத்துக்கு இடம் மிச்சமே இருக்கிறது. ஆனால் எல்லா அதிகாரமும் ஒரே நீளமில்லை. சங்கீதம் 117 இரண்டே வசனம், 119 போய்ப் பார்த்தால் 176. அந்த ஒரு நாளைக்கு வேறு எதையும் சேர்க்காதே.

தேதி போட்ட அட்டவணையைத் தூக்கிப் போடு

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நோட்டில் 1, 2, 3 என்று நாள் எண் மட்டும் போடு. தேதி போட்டால் அது கந்துவட்டிக்காரன் மாதிரி வாசலில் வந்து நிற்கும். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் ஆறு அதிகாரம் பாக்கி. ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் பன்னிரண்டு. பாக்கியை அடைக்க ஒரே ராத்திரியில் ஓட்டு ஓட்டென்று ஓட்டுவாய், காலையில் என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிப்பாய். நாடா எந்தப் பக்கத்தில் கிடக்கிறதோ அங்கிருந்து தொடரு. முடிகிற நாள் தள்ளிப்போனால் போகட்டும், யாரும் உனக்கு மார்க் போடப் போவதில்லை.

நைட் ஷிப்ட் மாறி மாறி வருகிற உனக்கு இதுவே பாரமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரம். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு ஒன்று. 52 வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் முடியும். மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க, இல்லாவிட்டால் தூங்க.

நம் சபை வாலிபர் கூட்டத்தில் கொடுக்கிற நாலு பத்தி அட்டவணை ஒன்று இருக்கிறதே, அது ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர்ப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷெய்ன் தன் சபையாருக்காக 1842 கடைசியில் போட்டது. தினம் நாலு இடத்திலிருந்து வாசிக்க வேண்டும். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை முடியும். நல்ல திட்டந்தான். ஆனால் அவர் முப்பது வயதுகூட ஆகாத, கல்யாணமும் ஆகாத மனுஷர், சமையல்கட்டுப் பக்கம் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஒன்றில் மட்டும் அவரை மெச்ச வேண்டும். இப்படி வாசித்தால் அது வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டோம் என்ற பெருமை வரலாம், அவசர வாசிப்பாகலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகலாம் என்று அவரே முன்னால் எழுதிவைத்தார். அந்தப் பகுதியை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டோம்.

ஏன் தாண்டிப் போகக் கூடாது?

"பலியைப் பற்றி எனக்கென்ன, நேரே ரூத்துக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டாய். ரூத் போவாஸின் வயலில் கதிர் பொறுக்குகிறாளே, யாரைக் கேட்டு அந்நிய வயலில் இறங்கினாள்? பதில் லேவியராகமம் 19இல் இருக்கிறது. அறுக்கிறவன் வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்தினதைப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. 19ஐ வாசிக்காதவளுக்கு ரூத் ஒரு நல்ல மருமகள் கதை. வாசித்தவளுக்கு, சட்டம் தனக்குக் கொடுத்த இடத்தில் தைரியமாகப் போய் நிற்கிற ஒரு விதவை.

தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்க், பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்து ரூத் வரை வந்தபோது இறந்துபோனார். அப்போது 36 வயது. மிச்சத்தை அவருக்குப் பின் வந்த ஷூல்ட்ஸ் முடித்தார். லேவியராகமத்தை வாசிக்கவே நமக்கு அலுக்கிறது. அந்த மனுஷர் ஒவ்வொரு பலிக்கும் தமிழில் ஒரு பேர் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எண்ணாகமம் 26 முழுக்க ஜனத்தொகைக் கணக்கு. கொட்டாவி வரும். ஆனால் அந்தக் கணக்குக்கு நடுவில் செலோப்பியாத்துக்குக் குமாரர் இல்லை, குமாரத்திகள் மட்டுமே என்று ஒரு வரி வரும். அடுத்த அதிகாரத்தில் அந்த ஐந்து பெண்களும் மோசேக்கு முன்னால் வந்து, எங்கள் தகப்பன் பங்கு எங்களுக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். கிடைக்கிறது. 36இல் அதற்கு ஒரு நிபந்தனை வரும், அதையும் வாசி, எரிச்சல் வரும். நம் பக்கத்து மாநிலத்தில் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தகப்பன் சொத்தில் சம பங்கு உண்டென்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1986இல்தான். எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த ஐந்து பேரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எனக்கு அவர்களைக் காட்டியது அட்டவணைதான். நானாக எடுத்து வாசித்தால் எண்ணாகமத்தைத் திறந்திருப்பேனா?

வாக்குத்தத்த அட்டையில் வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டு ஹாலில் எரேமியா 29:11 தொங்குமே, நினைவிருக்கிறதா? பரீட்சை, வேலை, மாப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் பிடித்துக்கொள்வோம். வரிசையாக வாசித்து அங்கே வந்தபோதுதான் அதற்கு முந்தின வசனம் கண்ணில் பட்டது. பாபிலோனில் எழுபது வருஷம் கழியட்டும் என்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள் என்று தொடங்குகிறது. அந்த நம்பிக்கையைக் கேட்ட பெரியவர்கள் அதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான், இட மாற்றத்துக்காகக் காத்துக்கொண்டு பெட்டியைப் பிரிக்காமல் இருந்த அந்த ஊரில் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டேன்.

சில்லறை விஷயங்கள்

வாசிக்கிற நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும், காகித பைபிளே நல்லது. பேர்ப் பட்டியல்களுக்கு மட்டும் போன் வேண்டும். 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரத்தை ஆடியோவில் போட்டுவிட்டு நான் காய் நறுக்கினேன். அதில் குற்றமில்லை.

நம் பைபிளின் தமிழ் 1871ஆம் வருஷத்துத் தமிழ், பவர் ஐயர் தலைமையில் செய்தது. சேஷ்டபுத்திரபாகம் என்றால் மூத்த மகனுக்குரிய பங்கு. ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன். புரியாத இடத்தில் 1995இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார், ரூம் தோழியிடம் இருக்குமே.

நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கேள்வி வந்தால் கேள்விக்குறி, கோபம் வந்தால் "கோ". நியாயாதிபதிகள் 19 வந்த அன்று என் நோட்டில் நாலு "கோ" இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தனியாக ராத்திரியில் வாசிக்காதே, பகலில் வாசித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. கேள்விக்குறிகளைச் சேர்த்துவைத்து நம் சபை ஐயரிடம் கேள். சிலதுக்கு அவரும் தலையைச் சொறிவார்.

மனசு சரியில்லாத நாளில் மூன்று அதிகாரத்தையும் விட்டுவிட்டு சங்கீதம் 88ஐ மட்டும் வாசி. கடைசி வரை வெளிச்சமே வராமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அப்படி ஒன்றை எடுத்துப்போடாமல் உள்ளே வைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் பல நாள் போதுமாக இருந்தது.

இப்போது எந்த அதிகாரத்தில் நிற்கிறாய்? 13 என்றால் எனக்குத் தெரியும், தோல் வியாதி, 59 வசனம். காதில் போட்டுக்கொண்டு துணியை மடி. ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுகிறேன். அதற்குள் 16க்கு வந்திருந்தால் போதும். அதில் போக்காடு என்று ஒரு வார்த்தை வரும். அது என்னவென்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.