குளிர்காலத்தில் டீசல் எண்ணெய்ப் பராமரிப்பு

திருவள்ளூர் ஜில்லா, கும்மிடிப்பூண்டி தாலுகாவில் பழவேற்காடு ஏரியை அடுத்துள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற கிராமங்களில், மார்கழி தை மாதங்களில் விடியற்காலையில் ஆயில் எஞ்சின் கிளம்பாவிடில், எண்ணெய் குளிரில் உறைந்து விட்டதென்று கருதுவதுண்டு. இக்கருத்து இப்பிரதேசத்திற்குப் பொருந்தாது. இங்கே முதலில் சந்தேகிக்கத் தக்கது, எண்ணெயிற் சேர்ந்துள்ள ஜலமேயாகும்.

எண்ணெய் உறைவது எவ்வாறு

டீசல் எண்ணெயில் ஒருவகை மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. குளிர் மிகுந்தால் அம்மெழுகு முதலில் மங்கலாகத் தோன்றி, பின் துகள்களாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இன்னும் மிகுந்தால் எண்ணெய் ஓடாமல் நின்றுவிடும். தேங்காயெண்ணெய் மார்கழியில் கட்டியாவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆனால் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செண்டிகிரேடிலேயே உறைகிறது. டீசலோ, இந்திய தர நிர்ணயப்படி, குளிர்காலத்தில் 6 டிகிரி வரையில் வடிகட்டியிற் செல்லவும், 3 டிகிரி வரையில் ஓடவும் வேண்டும். கோடைக்கால எண்ணெய்க்கு இவ்வளவுகள் முறையே 18, 15 டிகிரிகளாம். பழவேற்காட்டுக் கரையில் தை மாதத்து இரவுகளிலும் உஷ்ணம் சாதாரணமாக 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால், உறைதலுக்கு இடமில்லை.

லடாக்கில் நிலைமை வேறு. அங்கே சாதாரண டீசல் உறைந்து போக்குவரத்துத் தடைப்பட்டதால், பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையில் தயாரான, பூஜ்யத்திற்குக் கீழ் 33 டிகிரி வரையில் ஓடும் எண்ணெயை இந்தியன் ஆயில் கம்பெனியார் 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வழங்கத் தொடங்கினர். கோடையில் வாங்கிய எண்ணெயுடன் உதகமண்டலம் முதலிய குளிர்ந்த மலைகளுக்கு லாரி அனுப்புவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

ஜலம் சேருவது எவ்வாறு

பாதி காலியான தொட்டியில் எஞ்சிய இடத்தைக் காற்று நிரப்புகிறது. பகலில் அக்காற்று விரிந்து வெளியேறும்; இரவில் சுருங்கும்போது ஏரிக்கரையின் ஈரக்காற்று உட்புகும். அதிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டின்மேற் பனித்துளியாகி, எண்ணெயினும் கனமானதால் அடியிற் தங்குகிறது. அந்த ஜலத்திற்கும் எண்ணெய்க்கும் இடையில் நுண்கிருமிகள் பெருகி வழுவழுப்பான கசடு உண்டாகும். எண்ணெயைப் பீச்சும் பம்பும் ஊசித்துவாரங்களும் மிக நுட்பமாகக் கடைந்தவை. சிறிது ஜலம் சென்றாலும் துருப்பிடிக்கும். அடைமழையில் மூழ்கிய பயிரின் நீரை வெளியே இறைக்கவேண்டிய நாளில் எஞ்சின் நின்றுவிட்டால், நஷ்டம் பழுதுபார்க்கும் கூலியோடு முடிவதில்லை.

செய்யத்தக்கவை

1. மாலையில் வேலை முடிந்ததும், விரிவதற்குச் சிறிது இடம் விட்டுத் தொட்டியை நிரப்புக.

2. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியிற் பிடித்து வைத்துப் பார்க்க. அடியில் ஜலம் தனியே தங்கினால், தெளிந்த எண்ணெய் வருமளவும் வடித்துவிடுக.

3. நிறுத்திய பீப்பாயின் தலையில் தேங்கும் மழைஜலம் மூடிவழியே உள்ளிழுக்கப்படும். ஆதலின் கூரையின் கீழ்ப் படுக்கவைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கச் செய்க.

4. பீப்பாயை அசைத்தால் ஒருநாள் தெளியவிட்டு, அடியில் மூன்று நான்கு அங்குலம் விட்டே எண்ணெய் எடுக்க. நாகமுலாம் பூசிய பாத்திரங்களில் சேமித்தல் கூடாது.

5. வடிகட்டியைக் காலந்தவறாது மாற்றுக.

விலக்கத்தக்கவை

எளிதிற் கிளம்புமென்று மண்ணெண்ணெய் கலப்பது பம்பின் வழவழப்பைக் கெடுத்துத் தேய்மானத்தை மிகுவிக்கும். 2005-ம் வருஷத்து மத்திய அரசாங்க உத்தரவின்படி டீசலிற் கலப்படம் செய்வது குற்றமுமாம். தொட்டியின் கீழே தீ மூட்டுதல் உயிருக்கே அபாயம்.

வெள்ள காலத்திற்கென எஞ்சின்களைப் பொறுப்பில் வைத்துள்ள கிராம உத்தியோகஸ்தர்கள், ஐப்பசி பிறக்குமுன்பே பழைய எண்ணெயைச் சோதித்து, ஒருமுறை எஞ்சினை ஓட்டிப்பார்த்து வைத்தல் நலம்.