சொல்லிலா இசையும் மெய்ப்பாடும்: எக்ஸ்புளோஷன்ஸ் இன் தி ஸ்கை குழுவின் இசை குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

சொல்லையும் பொருளையும் உடலும் உயிருமாகக் கொண்டு பயில்வது மொழி மாணவர்தம் வழக்கம். சொல்லே இல்லாத இடத்தில் பொருள் இருக்க இயலுமா என்னும் வினா நம் வகுப்பறைகளில் அடிக்கடி எழுவதில்லை. எழுமாயின் அதற்கு விடை காண இலக்கியத்தைவிடக் கருவியிசையே ஏற்ற களமாகும். அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ‘எக்ஸ்புளோஷன்ஸ் இன் தி ஸ்கை’ என்னும் நால்வர் குழு 1999ஆம் ஆண்டு முதல் பாடகர் இன்றி, பாடல் வரிகள் இன்றி இசைத்து வருகின்றது. ‘வானத்து வெடிப்புகள்’ என்பது இப்பெயரின் பொருள். இவ்விசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் ஆர்வலன் என்ற முறையிலும், தமிழ் பயிற்றுவிப்பவன் என்ற முறையிலும் அதன் இயல்பை ஆராய்ந்து உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘போஸ்ட் ராக்’ என்னும் வகை

ராக் இசை என்றவுடன் முழங்கும் கிட்டாரும், அதிரும் டிரம்மும், உரத்துப் பாடும் பாடகரும் நம் நினைவிற்கு வருவர். அக்கருவிகளையே கொண்டு ராக் இசையின் வழக்கமான நோக்கங்களுக்கு அப்பாற்பட்ட இசையைப் படைக்கும் போக்கு ஒன்று 1990களில் தெளிவாக உருப்பெற்றது. இங்கிலாந்து நாட்டு இசைத் திறனாய்வாளர் சைமன் ரெனால்ட்ஸ் 1994இல் தம் எழுத்துகளில் இதனைப் ‘போஸ்ட் ராக்’ என்று குறித்தார். ‘ராக்கிற்குப் பிந்தையது’ என்பது இதன் பொருள். இவ்வகையில் கிட்டார் தாளத்தையும் மெட்டையும் தாங்குவதோடு நிற்பதில்லை. ஒலியின் நிறத்தையும் பரப்பையும் உருவாக்கும் கருவியாகவும் மாறுகின்றது.

டாக் டாக் குழுவினரின் ‘ஸ்பிரிட் ஆப் ஈடன்’ (1988), ஸ்லின்ட் குழுவினரின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991) ஆகிய இசைத்தொகுப்புகள் இப்போக்கிற்கு முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. கனடாவின் மான்ட்ரியால் நகரக் குழுவான காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் குழுவான மோக்வாய் ஆகியன 1990களின் நடுப்பகுதியில் இதனை வளர்த்தன. நாம் ஆராயும் குழு இவற்றிற்குச் சில ஆண்டுகள் இளையது.

குழுவின் தோற்றம்

மேற்கு டெக்சாசில் மிட்லாண்ட் என்றோர் ஊர் உண்டு. மலையோ காடோ இல்லாத சமவெளி. எண்ணெய்க் கிணறுகளால் வாழும் மண். முனாப் ராயானி, மார்க் ஸ்மித், மைக்கேல் ஜேம்ஸ் ஆகிய மூவரும் அவ்வூரில் வளர்ந்த நண்பர்கள். இல்லினாய் மாநிலத்திலிருந்து ஆஸ்டின் நகருக்கு வந்திருந்த கிறிஸ் ஹிராஸ்கி என்னும் டிரம் கலைஞர், அந்நகர இசைத்தட்டுக் கடை ஒன்றில் அறிவிப்பு ஒன்றை ஒட்டினார். துயரமும் வெற்றிப் பெருமிதமும் ஒருங்கே கொண்ட ராக் குழு தேவை என்பதே அவ்வறிவிப்பின் சாரம். அதனைக் கண்டு மூவரும் அவரோடு இணைந்தனர். அமெரிக்க விடுதலை நாளான 1999 ஜூலை 4ஆம் நாள் இரவு வானில் வெடித்த வாணவேடிக்கையே குழுவின் பெயருக்குக் காரணமாயிற்று.

‘ஹவ் ஸ்டிரேஞ்ச், இன்னசன்ஸ்’ என்னும் முதல் தொகுப்பு 2000இல் மிகச் சில படிகளாகவே வெளிவந்தது. 2001இல் இரண்டாம் தொகுப்பும், 2003இல் ‘தி எர்த் ஈஸ் நாட் எ கோல்ட் டெட் பிளேஸ்’ என்னும் மூன்றாம் தொகுப்பும் வெளிவந்தன. பூமி குளிர்ந்து இறந்துபோன இடமன்று என்பது மூன்றாம் தொகுப்புப் பெயரின் பொருள்.

அழுகையும் பெருமிதமும்

ஹிராஸ்கியின் அறிவிப்பு நம் கவனத்திற்குரியது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துரைத்தார். அவற்றுள் அழுகையும் பெருமிதமும் தனித்தனியே வைக்கப்பட்டவை. இழப்பு முதலியவற்றால் பிறப்பது அழுகை. கல்வி, வீரம், புகழ், கொடை ஆகியவற்றால் பிறப்பது பெருமிதம். இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் எழுப்ப விழைந்த குழு இது. அவ்விழைவு எவ்வாறு நிறைவேறுகின்றது என்பதை இசையின் அமைப்பிலேயே காணலாம்.

மூன்றாம் தொகுப்பில் ஐந்தே இசைக்கோவைகள் உள்ளன; மொத்த நேரம் ஏறத்தாழ 45 நிமிடங்கள். முதற் கோவையின் தலைப்பு ‘ஆழ்மயக்கத்திற்குப் பின் முதல் மூச்சு’ என்று பொருள்படும். ஒற்றைக் கிட்டார் ஒரே சுரத்தை மெல்லத் தட்டித் தொடங்குகின்றது. நோயாளியின் படுக்கையருகே ஒலிக்கும் கருவியின் துடிப்பை அது நினைவூட்டுகின்றது. பின்னர்ப் பெரிய டிரம்மின் தாழ்ந்த அடி இதயத் துடிப்புப் போல் சேர்கின்றது. அதன்பின் ஒவ்வொரு கிட்டாராக வந்து இணைகின்றது. ஒன்றின் ஒலி அடங்குமுன் மற்றொன்றின் ஒலி அதன்மேல் படர்கின்றது. ஒலியைச் சிறு இடைவெளிக்குப் பின் மீண்டும் எதிரொலிக்கச் செய்யும் மின்கருவியையும், ஒரே நரம்பை மிக விரைந்து மீட்டும் முறையையும் இவர்கள் பெரிதும் பயன்படுத்துகின்றனர். இவற்றால் மூன்று கிட்டார்கள் முப்பது கருவிகள் போல் தோன்றுகின்றன.

அடுத்த கோவையான ‘தி ஒன்லி மொமென்ட் வீ வேர் அலோன்’ பத்து நிமிடங்களுக்கு மேற்பட்டது. அதில் இசை எழுகின்றது, தாழ்கின்றது, ஏறத்தாழ மௌனத்தை அடைந்து மீண்டும் எழுகின்றது. இறுதியில் எழும் பேரொலியில் புதிய மெட்டு எதுவும் திணிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் தனித்தும் தயங்கியும் ஒலித்த துயரத்தின் சாயலே இறுதியில் பலர் கூடி முழங்கும் முழக்கமாகின்றது. துயரத்தை வெற்றி அழித்துவிடுவதில்லை. துயரமே நிமிர்ந்து நின்று பெருமிதமாகின்றது. இக்குழுவின் தனிச்சிறப்பு இதுவே எனலாம்.

தலைப்பு என்னும் ஒரே சொல்

பாடல் வரிகள் இல்லாத இவ்விசையில் கேட்போருக்குக் கிடைக்கும் சொற்கள் பெரும்பாலும் தலைப்புகள் மட்டுமே. சங்க அகப்பாடல்களின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்புகளை இங்கு ஒப்பு நோக்கலாம். ‘தோழி கூற்று’ என்று குறிப்பு இருப்பின் பாடலை ஒரு வகையாகவும், ‘தலைவி கூற்று’ என்று இருப்பின் வேறு வகையாகவும் படிக்கின்றோம். குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் பாடல் மேலும் சில வாயில்களைத் திறப்பதுண்டு. அவ்வாறே, மேற்கூறிய முதற்கோவையின் தலைப்பை அறியாது கேட்பவர் அத்துடிப்பில் மருத்துவமனையைக் காணாமல் விடியலையோ மழைத்துளியையோ காணக்கூடும். எனினும் அடங்கிக் கிடந்த ஒன்று விழித்தெழுகின்றது என்பதை அவரும் உணர்வார். இதனால் ஓர் உண்மை புலனாகின்றது. சொல்லிலா இசை மெய்ப்பாட்டை உறுதியாகத் தருகின்றது, நிகழ்ச்சியைத் தருவதில்லை. நிகழ்ச்சியைக் கேட்போர் தாமே இட்டு நிரப்பிக்கொள்கின்றனர்.

ஒரு தற்செயலும் ஒரு பாடமும்

இவ்வாறு இட்டு நிரப்புவதில் பொறுப்பும் உண்டு என்பதற்கு இக்குழுவின் வரலாற்றிலேயே சான்று கிடைக்கின்றது. இவர்களின் இரண்டாம் தொகுப்பு 2001 செப்டம்பர் தொடக்கத்தில் வெளிவந்தது. அதன் உள்ளுறையில் விமானத்தின் படம் ஒன்றும், அவ்விமானம் நாளை விழும் என்னும் பொருளில் ஒரு வாசகமும் இடம்பெற்றிருந்தன. சில நாட்களில், செப்டம்பர் 11ஆம் நாள், நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் விமானத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அதன்பின் அத்தொகுப்பு தற்செயலாக அன்றி ஏதோ மறைபொருளோடு வந்தது போலப் பேசப்பட்டது. தாக்குதலுக்கு முன்னரே அச்சாகிவிட்ட படம் அது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

இசையில் ஒரு சுரமும் மாறவில்லை. மாறியது கேட்போரின் மனமே. உண்மையில் அத்தொகுப்பில் மனிதக் குரல் ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. ‘தி தின் ரெட் லைன்’ என்னும் 1998ஆம் ஆண்டுத் திரைப்படத்திலிருந்து எடுக்கப்பட்ட, போர்க்களத்து வீரன் ஒருவனின் குரல் அது. உலகில் தீமை எங்கிருந்து வந்தது என்று அக்குரல் வினவுகின்றது. அவ்வினாவைச் செவிமடுக்காமல் உறையின் படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புரைத்தல் முறையன்று. பெயரையும் தோற்றத்தையும் கொண்டு உள்ளிருப்பதை முடிவு செய்யும் பழக்கம் நூலுக்கும் தீங்கு, இசைக்கும் தீங்கு, மனிதர்க்கும் தீங்கு. முழுமையும் கேட்ட பின்னரே பொருள் உரைத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடமாகும்.

திரையும் மண்ணும்

2004இல் பீட்டர் பெர்க் இயக்கிய ‘பிரைடே நைட் லைட்ஸ்’ என்னும் திரைப்படத்திற்கு இக்குழு இசையமைத்தது. எச்.ஜி. பிஸ்ஸிங்கர் 1990இல் வெளியிட்ட நூலை அடிப்படையாகக் கொண்டது அப்படம். ஒடெசா என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துக் குழுவின் கதை அது; அங்குக் கால்பந்து எனப்படுவது கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடப்படும் அமெரிக்க ஆட்டம். ஒடெசாவும் மிட்லாண்டும் அண்டை ஊர்கள். தாம் வளர்ந்த மண்ணின் கதைக்கே இவர்கள் இசை தந்தனர்.

ஓர் ஊரே தன் மதிப்பைப் பதினேழு வயது இளைஞர்களின் தோள்மேல் ஏற்றி வைக்கும் கதை அது. அதற்கு வெற்றி முழக்கம் மட்டும் பொருந்தாது. இரங்கல் மட்டும் பொருந்தாது. அழுகையும் பெருமிதமும் கலந்த இவ்விசை பொருந்தியதில் வியப்பில்லை. முதல், கரு, உரி என்னும் பொருள் மூன்றும் இயைந்து நிற்பதைத் திணைக் கோட்பாட்டில் பயின்ற நமக்கு, சமவெளியின் வெறுமையும் அம்மக்களின் வாழ்வும் இவ்விசையின் உணர்வும் ஒன்றிப் போவது எளிதில் விளங்கும்.

குறைபாடுகள்

ஆர்வலன் ஒருவன் குறைகளை மறைத்தல் தகாது. மெல்லத் தொடங்கிப் பேரொலியில் முடியும் அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதால், அடுத்து நிகழவிருப்பதை முன்கூட்டியே அறிய முடிகின்றது என்பர் சிலர். இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. இவ்வமைப்பைப் பின்பற்றிய பிற குழுக்கள் பலவாகப் பெருகியதும் அதன் புதுமையைத் தேய்த்தது. குழுவினரும் இதனை உணர்ந்தவர்கள் போலவே பிற்காலத்தில் செயற்பட்டுள்ளனர். 2016இல் வெளிவந்த ‘தி வில்டர்னஸ்’ தொகுப்பில் கோவைகள் பெரும்பாலும் குறுகியுள்ளன. மின்னணு ஒலிகள் மிகுந்துள்ளன. எதிர்பார்க்கும் பேரொலி பல இடங்களில் வருவதே இல்லை. 2023இல் ‘எண்ட்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. வரையறுத்த யாப்பிற்குள் புதுமை காண்பது எவ்வளவு அரிது என்பதை வெண்பா எழுதிப் பார்த்தோர் அறிவர்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

இவ்விசையைப் பிற வேலைகளுக்கு இடையே கேட்டல் பயன் தராது. ஒரு கோவையைத் தலைப்பை அறியாமல் முழுமையாகக் கேட்க வேண்டும். கேட்டபின் மனத்தில் எழுந்த காட்சியை நான்கு தொடர்களில் எழுத வேண்டும். பின்னர்த் தலைப்பை அறிந்து மீண்டும் கேட்டு, மாறியது யாது, மாறாதது யாது என்று குறிக்க வேண்டும். பத்து மாணவர்கள் இவ்வாறு எழுதினால் பத்துக் காட்சிகள் கிடைக்கும். எனினும் உணர்வு எழும் இடமும் தாழும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கவிதையில் குறிப்புப் பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கற்பிக்க இதனினும் எளிய வழி அரிது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சொல் இல்லாமலும் மெய்ப்பாடு பிறக்கும் என்பதும், அழுகையும் பெருமிதமும் ஒன்றையொன்று அழிக்காமல் ஓரிடத்தில் நிற்க இயலும் என்பதும், சொல் குறையுந்தோறும் கேட்போரின் பொறுப்பு மிகும் என்பதும் தெளிவாகின்றன. சொற்களால் வாழும் நாம் சொல்லிலா இசையைச் சிறிது நேரம் பொறுமையுடன் கேட்கப் பழகுவோமாயின், அடுத்து நாம் படிக்கும் கவிதையில் சொற்களுக்கு இடையே உள்ள மௌனமும் நம் செவிக்கு எட்டும்.