ஸ்டியரிங் தண்டைச் சுத்தியலால் அடிக்கலாமா?

நம் மோட்டார்ப் பட்டறைகளில் குரு சிஷ்ய பரம்பரையாகக் கைமாறி வரும் உபதேசங்களுள், எத்தனை முறை மறுத்துரைத்தாலும் மறுபடி தலைதூக்குவதும், கேட்கும்போதெல்லாம் என் பொறுமையைச் சோதிப்பதுமான ஒன்று உண்டு. காரின் ஸ்டியரிங் சக்கரம் தண்டோடு இறுகிக்கொண்டு கழல மறுக்கும்போது, நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒருவர் சக்கரத்தை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் நடுத்தண்டின் தலையில் சுத்தியலால் ஓங்கி நாலு போடு போட்டால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுப்போகும் என்பதே அந்த உபதேசம். புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்பவரும் இதைச் சொல்கிறார். காரைத் தாமே பழுது பார்க்க ஆசைப்படும் படித்த கனவான்களும் இதைச் சொல்கிறார்கள். சொல்பவர் எவராயினும், இது தவறு என்பதோடு நில்லாமல், பின்னால் அந்தக் காரை ஓட்டப்போகும் மனிதனின் உயிருக்கே உலை வைக்கும் தவறு என்பதை ஸ்டியரிங் வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் எதனால் இறுகுகிறது என்பதை முதலில் பார்ப்போம். தண்டின் நுனியில் நெருக்கமான நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஹப்பின் துளையிலும் அவற்றுக்கு ஈடான பற்கள் உண்டு. பல கார்களில் அந்த இடம் நுனியை நோக்கிச் சிறிது ஒடுங்கிக்கொண்டே போவதால், நட்டை முறுக்க முறுக்க ஹப் அந்த ஒடுக்கத்தின்மேல் ஆப்பு அறைந்தாற்போல் ஏறி உட்காருகிறது. ஓடும்போது சக்கரம் இம்மியும் ஆடக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு இது. ஆகவே இறுக்கம் குறையன்று, குணமே. இதற்குமேல், ஹப் அலுமினியமாகவும் தண்டு எஃகாகவும் இருக்கும் கார்களில், கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து இரு உலோகங்களுக்கும் நடுவே ஒரு வெண்மையான பொருக்கை உண்டாக்கிப் பிடிப்பை இரட்டிப்பாக்குகின்றன. போதாக்குறைக்கு, முன்பு வேலை பார்த்தவர் அளவு பாராமல் ஸ்பானரில் பைப்பை மாட்டி நட்டை முறுக்கியிருப்பார்.

சுத்தியல் வைத்தியம் எங்கே பிறந்தது என்பதும் எளிதில் ஊகிக்கக்கூடியதுதான். 1958 முதல் உத்தர்பாராவில் தயாராகி நம் சாலைகளை ஆண்ட அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுபதிப்பு. அந்தப் பழைய வண்டிகளின் ஸ்டியரிங் தண்டு வளைந்துகொடுக்காத, கெட்டியான எஃகுக் கம்பம். அதன் தலையில் அடித்தால் கீழே உள்ள பினியனும் அதன் பேரிங்கும் அடியை வாங்கிக்கொள்ளுமே தவிர, தண்டு சுருங்காது. பேரிங்கில் விழும் தழும்பு பல மாதங்களுக்குப் பிறகே தெரியவரும். அப்போது அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட யாரும் இருக்கமாட்டார்கள். இவ்வாறு ஒரு யுகத்தின் காருக்கு ஒருவாறு பொறுத்துப்போன வழக்கத்தை, முற்றிலும் வேறு தத்துவத்தில் அமைந்த இன்னொரு யுகத்தின் காருக்கும் பிரயோகிப்பதுதான் விபரீதத்தின் மூலம்.

அந்த மாறுதலின் வரலாறு தெரிந்தவர் சுத்தியலைத் தொடவே கூசுவார். பழைய கார்கள் எதிலேனும் மோதினால், முன்பாகம் நசுங்கும் வேகத்தில் ஸ்டியரிங் தண்டு ஈட்டியைப் போல் பின்னோக்கி வந்து ஓட்டுநரின் மார்பைத் துளைத்தது. 1965இல் அமெரிக்கரான ரால்ஃப் நாடர், கார்களின் பாதுகாப்பின்மையைக் கண்டித்து எழுதிய நூலில் இந்தக் கொடுமையையும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தார். ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் பேலா பரேனி என்ற பொறியாளர், மோதலில் மடிந்துகொடுக்கும் தண்டை முன்னமே வகுத்திருந்தார். 1967இல் அது அந்நிறுவனத்தின் கார்களில் இடம்பெற்றது. அதே ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸும் அதிர்ச்சியை உறிஞ்சும் தண்டை அறிமுகப்படுத்தியது. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமெரிக்க அரசு இதைச் சட்டமாகவே ஆக்கியது. மனித மார்பின் உருவில் அமைந்த ஒரு கட்டை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தின்மேல் மோதும்போது, கணநேரம் தவிர, 11,120 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை அதன்மேல் தங்கக்கூடாது என்பது அந்த விதி.

அவ்வளவு விசைக்குள் தண்டு அடங்கிப்போக வேண்டுமென்றால் அது எங்காவது விட்டுக்கொடுத்துத்தானே ஆகவேண்டும்? ஆகவே தண்டை இரண்டு துண்டாக்கி, மடக்குக் குடையின் கம்பியைப் போல் ஒன்றை மற்றொன்றுக்குள் செருகி, இரண்டையும் சிறு பிளாஸ்டிக் ஊசிகளால் பிணைத்தார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் தண்டின் உறையைத் தாங்கும் பிராக்கெட்டையும் பல கார்களில் இப்படியே பிளாஸ்டிக் பிணைப்புகளால் மாட்டியிருக்கிறார்கள். மார்பு வந்து மோதும்போது ஊசிகள் அறுந்து, தண்டு உள்வாங்கி, உயிர் பிழைக்கிறது. இப்போது கவனியுங்கள்: மோதலில் மார்பு எந்தத் திசையில் தண்டைத் தள்ளுகிறதோ, அதே திசையில்தான் உங்கள் சுத்தியலும் தள்ளுகிறது. உடைவதற்கென்றே வைத்த ஊசியை, அது உடையவேண்டிய திசையிலேயே அடிக்கிறீர்கள்!

கணக்கும் கடினமன்று. ஒரு கிலோ சுத்தியல் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கி ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால், அந்த நொடியில் எழும் சராசரி விசை 12,500 நியூட்டன், அதாவது ஒன்றேகால் டன் எடைக்குச் சமம். அது நீடிக்கும் நேரம் மிகச் சொற்பம் என்பதால் முதல் அடியிலேயே ஊசி அறுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிக்கிறவர் ஒரு அடியோடு நிறுத்துகிறாரா? ஹப் அசையும்வரை அடிக்கிறார். ஒவ்வோர் அடியும் அந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சிதைக்கிறது.

"நான் எத்தனையோ வண்டிகளை அடித்துக் கழற்றியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்ற பதில் உடனே வரும். என்ன ஆகியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அப்படி அடிபட்டு என்னிடம் வந்த ஒரு காரில், தண்டின் நுனி காளானைப் போல் விரிந்து மரை மழுங்கியிருந்தது. நட்டைக் கையால் ஒரு சுற்றுக்கூட ஏற்ற முடியவில்லை. மிதியடி ரப்பரைத் தூக்கினால் அரிசிக் குறுநொய் போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் பொடி கிடந்தது. சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் தண்டு டொக் டொக்கென்று ஆடியது. அதைக் குழிச் சாலையின் சப்தம் என்று நினைத்தே காரின் சொந்தக்காரர் பல நாள் ஓட்டியிருக்கிறார்.

இக்காலக் கார்களில் சேதம் இன்னும் அதிகம். 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோவில் தொடங்கிய மின்சாரப் பவர் ஸ்டியரிங், இன்று நம் சிறிய கார்கள் பலவற்றில் தண்டின் மேலேயே மோட்டாரோடு அமர்ந்திருக்கிறது. ஓட்டுநரின் கை எவ்வளவு முறுக்குகிறது என்பதை அளக்க, மெல்லிய முறுக்குக்கம்பியும் நுட்பமான சென்சாரும் அந்தத் தண்டுக்குள் இருக்கின்றன. அதன் தலையில் சுத்தியல் வைப்பவர், பல ஆயிரம் ரூபாய்ப் பெறுமானமுள்ள யந்திரத்தைப் பணயம் வைக்கிறார்.

பரிகாரம் என்ன? புல்லர் என்ற எளிய கருவிதான். ஹப்பில், நடுத்துளைக்கு இரு பக்கமும் இரண்டு மரைத் துளைகளைப் பல உற்பத்தியாளர்கள் விட்டிருப்பது எதற்கென்று சிந்திக்காமலே பல மெக்கானிக்குகள் ஆயுள் முழுதும் கழித்துவிடுகிறார்கள். புல்லரின் இரண்டு போல்ட்டுகளும் அந்தத் துளைகளில் ஏறி ஹப்பை நம் பக்கம் இழுக்கின்றன. அதன் நடு ஸ்குரூ தண்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. இழுப்பும் அழுத்தமும் சமமாகவும் எதிரெதிராகவும் இருப்பதால், ஹப், தண்டு, புல்லர் என்ற மூன்றுக்குள்ளேயே விசை சுற்றி அடங்கிவிடுகிறது. கீழே இருக்கும் ஊசிக்கோ, பேரிங்குக்கோ, சென்சாருக்கோ அதில் அணுவளவும் போய்ச் சேருவதில்லை. சுத்தியலின் விசையோ முழுவதும் கீழேதான் போயாகவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே, இதற்குமேல் வாதம் தேவையில்லை.

போல்ட்டுகளைத் துளையில் அளவுக்குமேல் இறக்கினால் பின்னால் உள்ள சுவிட்சையும் ஏர்பேக்கின் சுருள் கேபிளையும் கிழித்துவிடும். சில மரைகள் பிடித்ததும் நிறுத்துங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் தண்டின் நுனிக்குச் சமமாக விட்டுவையுங்கள்: மரை காப்பாற்றப்படும், சக்கரம் திடீரென்று கழன்று வந்து உங்கள் பல்லைப் பதம் பார்ப்பதும் தவிரும். ஸ்குரூவை விண்ணென்று நிற்கும்வரை முறுக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்தால், பெரும்பாலும் ஒரு 'டக்' சப்தத்தோடு ஹப் தானே விட்டுக்கொடுக்கும். ஹப்புக்கு அடியில் கொக்கி மாட்டி இழுக்கும் மூன்று கால் பேரிங் புல்லரை இங்கே கொண்டுவராதீர்கள். வார்ப்பு ஹப் விரிசல் விடும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. இரவு முழுவதும் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் போதும் என்பார்கள். துருவுக்கு ஓரளவு உதவும், ஆப்பாக இறுகிய ஒடுக்கத்துக்கு உதவாது, ஒழுகினால் கீழே உள்ள சுவிட்சைக் கெடுக்கும். கோலா பானத்தை ஊற்றச் சொல்பவர்கள், எறும்பையும் பிசுபிசுப்பையும் தவிர வேறெதையும் ஹப்புக்குள் கொண்டுசேர்ப்பதில்லை. கேஸ் வெல்டிங் சுடரால் சுடுவது அதைவிடக் கேடு: சுற்றிலும் பிளாஸ்டிக்கும் ஒயரும் நுரை ரப்பரும் உள்ள இடம் அது. கழற்றிய சக்கரத்தை எந்தப் பல்லில் மாட்டினாலும் அலைன்மென்டில் சரிசெய்துகொள்ளலாம் என்பதும் பொய். கழற்றும் முன் முன்சக்கரங்களை நேராக வைத்து, ஹப்பிலும் தண்டிலும் கோடு போட்டுக்கொள்ளாவிட்டால், சுருள் கேபிள் நடுநிலை தவறி, ஒரு முழுத் திருப்பத்தில் அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் ஒன்றாகச் செயலற்றுப்போகும். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிதாக விற்பனையாகும் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்பதால், இந்த எச்சரிக்கை பணக்காரர் வண்டிக்கு மட்டும் உரியதன்று. பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே ஏர்பேக்கைத் தொடவேண்டும். மின்சாரம் கன்டென்சரில் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

கையேடு என்றதும் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. மேலே சொன்னவை யாவும் உற்பத்தியாளர்களின் கையேடுகளில் அச்சாகி இருப்பவைதான். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது. ஆனால் அவை ஆங்கிலத்தில், கம்பெனிப் பட்டறைகளின் பூட்டிய அலமாரிகளில் இருக்கின்றன. தெருமுனைப் பட்டறையில் சிம்னி வெளிச்சத்தில் தொழில் கற்ற இளைஞனுக்குக் கிடைப்பது சுத்தியலும் அண்ணன் சொன்ன வார்த்தையும்தான். அவனை நான் குறைகூறமாட்டேன். தமிழ்நாட்டில் கார் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பழுதுபார்க்கும் கையேட்டைத் தமிழில் அச்சிட்டு நியாய விலைக்கு விற்கவேண்டும் என்றும், தொழிற்பயிற்சி நிலையங்களில் புல்லரும் டார்க் ரெஞ்சும் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் பழகவேண்டும் என்றும் பல காலமாகச் சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன்.

இதற்குள் யாரேனும் உங்கள் காரின் தண்டை அடித்திருந்தால், இன்றே இதைச் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி, உங்கள் பக்கம் இழுத்தும் டாஷ்போர்டை நோக்கித் தள்ளியும் பாருங்கள். நீளவாட்டில் சிறிதளவு ஆட்டம் இருந்தாலும், சக்கரம் முன்னைவிடத் தாழ்ந்து உட்கார்ந்திருந்தாலும், டாஷ்போர்டுக்கு அடியில் பிராக்கெட்டின் பிளாஸ்டிக் பிணைப்பு விலகியிருந்தாலும், பற்றவைத்தோ ஆணியடித்தோ சரிசெய்ய எவரையும் அனுமதிக்காதீர்கள். பற்றவைத்த தண்டு மோதலில் மடங்காது. புதுத் தண்டு மாட்டும்வரை அந்தக் காரைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.