மீன்பிடி படகின் மின்மோட்டாருக்கு ஏற்ற பாட்டரி

மைசூரை அடுத்த கிருஷ்ணராஜ சாகரம் போன்ற நீர்த்தேக்கங்களில், உரிய அனுமதி பெற்று, துடுப்புக்குத் துணையாகச் சிறு மின்மோட்டார் பூட்டி மீன்பிடிக்கச் செல்ல விரும்புவோர், கார் பாட்டரியே போதுமென்று எண்ணிவிடக் கூடாது; ஏனெனில், எஞ்சினைக் கிளப்பும் சில விநாடிகளுக்குப் பெருஞ்சக்தியை அளிக்கும் பொருட்டு மெல்லிய தகடுகளால் அமைந்த அது, மணிக்கணக்கில் மின்சாரத்தை இறைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளும் உழைப்பைத் தாங்காமல் சீக்கிரமே நாசமாகிவிடும்.

தடித்த தகடுகளுள்ள 'டீப் சைக்கிள்' பாட்டரியே உத்தமம். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பாட்டரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்றாலும், 150 ஆம்பியர்-மணி உள்ளது 50 கிலோவுக்கு மேல் கனப்பதாலும், சாய்ந்தால் அமிலம் சிந்தக் கூடுமாதலாலும், சிறு படகுக்கு அதை நான் சிபாரிசு செய்யேன்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பாட்டரியில் பாதியை மாத்திரம் செலவிடுவதே அதன் ஆயுளுக்கு நன்று; அப்படியானால் 25 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் 2 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே ஓடும் என்பதையும், கரை திரும்புகையில் எதிர்க்காற்று வீசினால் அதிலும் குறையும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, கிரயம் அதிகமாயினும், பாதிக்கும் குறைந்த எடையில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாராளமாக வழங்கும். அதற்குரிய சார்ஜரைத் தனியே வாங்குவது அவசியம். எவ்வகையாயினும், நேர்முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் பொருத்தாமலும், துடுப்பும் மிதவைச் சட்டையும் இல்லாமலும் தயவுசெய்து நீரில் இறங்காதீர்கள்.